பின்பால் போர்டுகளுக்கு ஒரு பெட்டி

என் கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், பிறை நகரத்து பேக்டரியில் எனக்கு வேலை போனதும் ஒரே வருடத்தில் நடந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போன காலம் ஒன்று இருந்தது. பிறகு பாதி இருக்கைகள் காலியாக வந்தன. பிறகு அந்த பஸ் எனக்காக நிற்கவில்லை.

நாங்கள் திகாம் பத்துவில், பெரிய சாலையை ஒட்டி ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இருவருமே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால்மரம் வெட்டப் போகக்கூடாது என்று சிறு வயதிலேயே இருவரும் தனித்தனியாக முடிவெடுத்திருந்தோம். கலியாணமான புதிதில் அதைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிப்போம். நான் எலெக்ட்ரானிக் பேக்டரியில் போர்டுகளுக்கு ஈயம் ஒட்டினேன். அவர் சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியிடம் பின்பால் மெஷின்களைப் பழுதுபார்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலைதான் எங்களுக்குப் பெருமை.

பின்பால் மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு காலில் நிற்கும் நீளமான பெட்டி. மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் சாய்வான பலகையில் இரும்புக் குண்டு ஓடும். அது கீழே விழுந்துவிடாமல், பக்கத்திலிருக்கும் பொத்தான்களை அமுக்கி இரண்டு துடுப்புகளால் திரும்ப மேலே அடிக்க வேண்டும். குண்டு முட்டும் இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும். அந்த முதலாளியை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சுங்கை பட்டாணியில் அவருக்கு ஒரு விளையாட்டுக் கடை இருந்தது. அது போக கோலா கெடா, தஞ்சோங் டாவாய் என்று கடலோரக் கோப்பிக்கடைகளிலும் மெஷின் போட்டிருந்தார்.

எழுபதுகளில் வந்த மெஷின்களில் வயரும் சுருளும் சுவிட்சும்தான். என் கணவர் அவற்றைத் திறந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி. பின்னால் நிற்கும் தலைப்பெட்டிக்குள் பச்சை போர்டுகள், அவற்றில் சின்னச் சின்னக் கால்கள் வைத்த கறுப்புச் சில்லுகள். அவை கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் கரண்ட் ஓடும்போதே மீட்டரின் ஊசி முனையை ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை கொஞ்சம் விலகினாலும் பக்கத்துக் காலில் பட்டுவிடும். பட்டால் நல்லதும் சேர்ந்து கெட்டுவிடும்.

அப்படிப்பட்ட வேலையில் இருப்பவருக்குத்தான் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை சாசரில் உரசிச் சத்தம் போட்டது. தூக்கம் பத்தவில்லை என்றார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட அதிக நேரம் எடுத்தார். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். நான் விட்டுவிடுவேன்.

எனக்கு வேலை போன பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவரோடு கோலா கெடாவுக்குப் போனேன். லங்காவி போகும் படகுகள் புறப்படும் துறைக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கோப்பிக்கடை. அங்கிருந்த மெஷினில் துடுப்பு வேலை செய்யவில்லை. அவர் தலைப்பெட்டியைத் திறந்தார். கடல் காற்றில் கம்பி முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. நான் டார்ச் பிடித்தேன்.

"கொஞ்சம் கிட்ட காட்டு," என்றார்.

வலது கையில் ஊசி முனை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முனையை உள்ளே கொண்டுபோனார். போர்டுக்கு மேலே அது ஆடியது. ஒரு சின்னப் பொறி. அவ்வளவுதான். மெஷினுக்குள் சுருள் ஒன்று நிற்காமல் உறுமியது. பொசுங்கிய வாடை வந்தது. நான்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குப் போய்விட்டார்கள். கடை முதலாளியான தௌக்கே கல்லாவிலிருந்து எழுந்து வந்து, செத்துப்போயிற்றா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று என் கணவர் தலையசைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். குரூண் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"நானாகிட்ட சொல்லிர்றேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போயி?"

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச காலம் குறையும், ஆனால் போகாது, கூடிக்கொண்டேதான் வரும் என்று டாக்டர் மெதுவான மலாயில், எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

நானா விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். பருத்த உடம்பு, கட்டம் போட்ட சாரோங், எப்போதும் துடைத்துக்கொண்டே இருக்கும் நெற்றி. என் கணவர் எழுந்து நின்று, நானா, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். நானா அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

"மெஷின தொட வேணாம் தம்பி. போர்ட கழட்டி நா இங்க அனுப்புறேன். தங்கச்சிக்கு ஈயம் ஒட்டத் தெரியும்தானே? ரெண்டு பேரும் பாத்துக் கொடுங்கலா."

"மெஷின் இல்லாம போர்டு நல்லாருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது நானா?" என்றார் இவர்.

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். "எங்க பேக்டரில மெஷினா வச்சிருந்தோம்? ஒரு பெட்டி இருக்கும். போர்ட அதுல சொருகுவோம். வெளக்கு எரிஞ்சா நல்ல போர்டு. எரியலன்னா ரோசாக். ஊசி வச்சி குத்துற வேலையே இல்ல."

நானா என் கணவரைப் பார்த்தார். "அப்ப அந்த மாதிரி ஒரு பெட்டி செஞ்சிருங்கலா," என்றார்.

அடுத்த வாரம் நானாவின் வேனில் ஒரு உடைந்த மெஷின் வந்து இறங்கியது. லோரியிலிருந்து விழுந்து கால்கள் வளைந்து, கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது. அதன் வயர்கள், போர்டில் மாட்டும் முனைகள், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் கனமான டிரான்ஸ்பார்மர், குட்டி பல்புகள் எல்லாம் எங்களுக்கு வேண்டியவை. பெட்டிக்கு எங்கள் பழைய டிவியின் மரக்கூடு இருந்தது. படம் போய்ப் பல நாள் ஆகியிருந்த டிவி.

பெட்டியின் வேலை எளிமையானது. மெஷினில் ஒவ்வொரு துடுப்புக்கும் ஒவ்வொரு மணிக்கும் போர்டிலிருந்து தனித்தனியாகக் கரண்ட் போகும். நாங்கள் அந்தத் துடுப்புக்கும் மணிக்கும் பதிலாக ஒவ்வொரு பல்பு வைத்தோம். சுவிட்சைப் போட்டால் அதற்கான பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் போர்டில் அந்த இடம் செத்துவிட்டது. சுவிட்சைத் தொடாமலே பல்பு எரிந்தால், அந்த இடம் பொசுங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. இவ்வளவுதான்.

பேக்டரியில் சின்னக் குச்சி சுவிட்சுகள்தான் இருந்தன. அவற்றை இவர் விரலால் தட்டிவிட முடியாது. நான் சுங்கை பட்டாணி வன்பொருள் கடைக்குப் போய், வீட்டுச் சுவரில் பதிக்கும் பெரிய சுவிட்சுகளாக வாங்கி வந்தேன். அவற்றை உள்ளங்கையின் அடிப்பாகத்தால்கூட அமுக்கலாம். மேசையில் வைத்ததும் அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா?" என்றார்.

"கடையில இதுதான் இருந்துச்சு," என்றேன். அவர் நம்பவில்லை.

பெட்டியைச் செய்து முடிக்கச் சில மாதங்கள் ஆயின. ஒன்றாகச் சேர்ந்து ஒரு பொருளைச் செய்தோம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது அப்படி இருக்கவில்லை. எந்த வயர் எங்கே போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒட்டுவது நான். அவர் வேலையை அவர் கண்ணுக்கு முன்னாலேயே நான் செய்தேன். ஒருநாள் ஈயம் உருக்கும் இரும்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஈயம் சொட்டி அவர் தொடையில் விழுந்தது. இரும்பைத் தாங்கியில் வைக்கப் பார்த்து, வைக்க முடியாமல், கடைசியில் என்னிடம் நீட்டினார். பிறகு கேட்கவில்லை.

சில நாள் வயரின் நிறத்தை மட்டும் சொல்வார். "மஞ்ச." "அதுக்குக் கீழ." "இல்ல, வலது." நான் அவசரப்பட்டால் கோபம் வரும். அவர் தாமதித்தால் எனக்குக் கோபம் வரும். நோயாளியிடம் கோபப்படுகிறோமே என்று செபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருவேன். பாதியில் நின்றுவிடும். என்ன கேட்பது என்று தெரியவில்லை. குணமாக்கும் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

முதல் தடவை பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தபோது எல்லா பல்பும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. எங்கே தவறு என்று கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது. பிரித்தோம், திரும்ப ஒட்டினோம். மறுபடியும் அதேதான். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் இரண்டு வயர்கள் ஒரே நிறத்தில் இருந்தன. மெஷின் செய்த இடத்திலேயே அப்படி; நாங்கள் இரண்டையும் மாற்றி ஒட்டியிருந்தோம். அதை அவர்தான் கண்டுபிடித்தார், வயரைத் தொடாமல், கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தே.

பிறகு ஒரு நல்ல போர்டைச் சொருகினோம். அவர் உள்ளங்கையால் முதல் சுவிட்சை அமுக்கினார். முதல் பல்பு எரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. வரிசை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து அமுக்கினார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. சுவிட்சுக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு கொஞ்ச காலம் ஓடியது. நானாவின் வேனில் போர்டுகள் வரும். என் கணவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சுவிட்சுகளை அமுக்கி, "மூணாவது எரியல," என்பார். நான் அந்த இடத்தில் பழையதைப் பிடுங்கிப் புதியதை ஒட்டுவேன். திரும்பச் சொருகி, எரிந்ததும், வேனோடு வந்த நானாவிடம், "ஓக்கே நானா, எடுத்துப் போங்க," என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் பழையபடி இருக்கும். மற்ற நேரத்தில் குரலும் தேய ஆரம்பித்திருந்தது. இடது கையும் நடுங்கியது. காலைத் தேய்த்து நடந்தார். வேலை நடக்கிறது என்று மகிழ நினைப்பேன். அதற்குள் அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்து, முடியாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்ப உட்காருவது கண்ணில் படும்.

ஒருநாள் வந்த போர்டில் ஒரு பல்பு எரியவில்லை. நான் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். கடல் காற்றின் பச்சை இல்லை, பொசுங்கலும் இல்லை. போர்டின் செம்புக் கோடு ஒன்று நடுவில் துண்டாகியிருந்தது. பிளேடால் கீறியது போல நேராக. அதற்குப் பக்கத்தில் நான் முன்பு ஒட்டிய ஒட்டு இருந்தது. எனக்கு என் ஒட்டு தெரியும். பேக்டரியில் பழகிய கை அது. இந்த போர்டு சில வாரங்களுக்கு முன்னால்தான் எங்கள் வீட்டிலிருந்து போயிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் கோட்டை இணைத்தேன். பல்பு எரிந்தது. "ஓக்கே நானா," என்றார் இவர்.

அடுத்த தடவையும் அப்படித்தான். வேறு போர்டு, வேறு இடம், அதே மாதிரி நேரான கீறல். மாதாகோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறினேன். நானாவின் விளையாட்டுக் கடை இருந்த இடத்தில் மேசை நாற்காலிகள் போட்டு சாப்பாட்டுக் கடை நடந்துகொண்டிருந்தது. நானா கறிச் சட்டிகளுக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, நகராண்மைக் கழகம் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டதாம். கோப்பிக்கடைக்காரர்களும் பயந்து மெஷின்களை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்களாம். எல்லாம் பின்கட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? நீயே சொல்லு," என்றார் நானா. "போர்டு நல்லாருக்குன்னு சொல்றப்ப அவன் மொகத்த பாத்திருக்கேதானே. அதுக்காகத்தான் வேன ஓட்டிக்கிட்டு வர்றேன். வேணாம்னா நிறுத்திர்றேன் தங்கச்சி."

நான் அழுதுகொண்டே, நிறுத்த வேண்டாம் என்றேன். கீறுவதை மட்டும் கொஞ்சம் ஆழமில்லாமல் கீறுங்கள், இணைக்கச் சிரமமாக இருக்கிறது என்றேன். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு விசித்திரமான பேச்சு. இருவரும் சாலையோரத்தில் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் வேன் வந்தது. மழைக்காலம் முழுவதும் வந்தது. அதற்குள் சுவிட்சை அமுக்குவதே அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கை சுவிட்சைத் தேடிப் போய்ப் பக்கத்துச் சுவிட்சில் விழும். நான் உதவ மாட்டேன். காத்திருப்பேன்.

ஒரு காலை, நானா போர்டை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். நான் போர்டைச் சொருகப் போனேன். இவர் வேண்டாம் என்பது போலக் கையை உயர்த்தினார். அவருக்குப் பேச்சு வர நேரமாகும், பொறுத்தேன்.

"இந்த போர்டு எங்க ஓடுது?"

"தஞ்சோங் டாவாய்ல," என்றேன்.

"எனக்கு ஆடுறது கைதான். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சொருகப் போன போர்டைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத தடவையே. அவரு அவ்ளோ தூரம் வேன ஓட்டிட்டு வர்றாரு. நீயும் குனிஞ்சி ஒட்டுற. நா என்னத்த சொல்ல." மூச்சு வாங்கினார். "இனிமே முடியல. எடுத்துட்டுப் போகச் சொல்லிரு."

நானா ஈர முகத்தோடு வந்து வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. இவர் அவரைப் பார்த்து, "பெட்டியும் கொண்டுபோங்க நானா. எடத்த அடைக்குது," என்றார். நானா மறுக்கவில்லை. கூட்டை அவரும் நானும் தூக்கி வேனில் ஏற்றினோம். பின்கதவைச் சாத்திவிட்டு நானா கொஞ்ச நேரம் வேனில் சாய்ந்து நின்றார். பிறகு போய்விட்டார்.

அன்றைய பகலில் எங்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஆறுதலாக ஒரு சொல் தேடினேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

நான் கையுறை செய்யும் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வந்து நான் ஊட்டுவேன். சில நாள் வாயைத் திறக்கமாட்டார். கெஞ்சினால் திறப்பார், அது எனக்காக. ஒருநாள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ தோட்டத்துக்குப் போயி உங்க அண்ணன் வீட்ல இருந்துக்க," என்றார். மாட்டேன் என்றேன்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் அவர் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். நானா அடக்கத்துக்கு வந்தார். கோயிலுக்குள் வராமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு அருகில் வெயிலில் நின்றார். கல்லறையில் மண் போட்ட பிறகு என்னிடம் வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "பஸ்ஸுக்கு நிக்க வேணாம் தங்கச்சி, வண்டில ஏறு," என்றார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.